கழுத்தைப் பிடிக்கல என்றார்

“தம்பி, இன்னைக்கு இது கழுத்தைப் பிடிக்கல. நல்லா இருக்கு.”

“நல்லதுங்கய்யா” என்றேன். மாஸ்க்கின் இரண்டு பக்கமும் கிளிப்புகள் விழுந்திருக்கின்றனவா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து கதவை மூடினேன்.

நடந்தது அவ்வளவுதான். கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குவது என் வேலை. அவருக்கு அது சிகிச்சையின் பதினாறாவது நாள். மொத்தம் 35 நாள், நாளுக்கு 2 கிரே, ஆக 70 கிரே. கிரே என்பது உடம்பில் சேரும் கதிரை அளக்கும் அலகு. தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமான கணக்கு.

அவர் சொன்னதைக்கூட விடுங்கள். அவரால் அதைச் சொல்ல முடிந்ததே, அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. தலையும் கழுத்தும் அசையாமலிருக்க, முகத்தின் மேல் போட்டு டேபிளோடு பூட்டும் பிளாஸ்டிக் மாஸ்க் அது. சரியாகப் பொருந்திய மாஸ்க்குக்குள் படுத்திருப்பவரால் ஒரு முழு வாக்கியம் பேச முடியாது. தாடையை அது அழுத்திப் பிடித்திருக்கும். ‘ம்’ என்று ஒரு முனகல் வரும், இல்லையென்றால் கையைத் தூக்குவார்கள். முதல் வாரம் அவரும் அப்படித்தான் இருந்தார். பதினாறாம் நாள், மாஸ்க்கைப் பூட்டிய பிறகு, வாய் திறந்து பேசினார். எனக்கு அது உறைக்கவில்லை.

உறைக்கவில்லை என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மையா என்று தெரியவில்லை. சட்டைக் காலர் தொளதொளவென்று இருந்ததை டேபிளில் ஏற்றும்போதே பார்த்திருந்தேன்.

கதிர் கொடுக்கும் முன் டேபிளிலேயே எடுக்கும் ஸ்கேனான கோன் பீம் சிடி எடுத்தேன். எலும்புகள் முதல் நாள் சிடியோடு அழகாகப் பொருந்தின. 2 மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும் என்றது கம்ப்யூட்டர். எங்கள் எல்லை 3. ஆனால் இடது கழுத்தோரம், மாஸ்க்கின் மெல்லிய கோட்டுக்கும் தோலுக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரிந்தது. காற்று. அகலமான இடத்தில் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கதிர் அளவைக் கணக்கிடும் பிசிசிஸ்டைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தார். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். முதுகுத்தண்டு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பீமை ஆன் செய்தேன். சார்ட்டில் ‘மாஸ்க் சற்றுத் தளர்வு’ என்று மூன்று வார்த்தை எழுதினேன்.

அன்று சிகிச்சை கொடுத்தது தப்பில்லை. இதை இப்போதும் சொல்வேன். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சையை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும் என்று சொல்லிக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார்கள். நான்காவது வாரத்தை ஒட்டி, மிஞ்சியிருக்கும் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் மாஸ்க் தளர்ந்துவிட்டது என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது பாதுகாப்பு ஆகாது.

அதே சமயம், கதிர் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்ற பிளான் போட்டது முதல் நாள் சிடியில் இருந்த உடம்புக்கு. இப்போது டேபிளில் படுத்திருப்பது வேறு உடம்பு. கழுத்து மெலிந்தால் கதிர் கடந்து போக வேண்டிய சதை குறைகிறது. உள்ளே போய்ச் சேரும் அளவு மாறுகிறது. காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுருங்கி, உள்பக்கமாக, அதாவது அதிக டோஸ் விழும் பக்கமாக நகர்கின்றன. எலும்பு மட்டும் அசையாமல் அதே இடத்தில் இருக்கும். நாங்கள் எலும்பைப் பார்த்துத்தான் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

பத்தொன்பதாம் நாள் வாராந்தரப் பரிசோதனையில் டாக்டர் என் மூன்று வார்த்தைகளைப் படித்தார். புது மாஸ்க், புது சிடி, புது பிளான். இருபத்து மூன்றாம் நாளிலிருந்து அதில் சிகிச்சை. பழைய பிளானைப் புது சிடியில் போட்டுக் கணக்குப் பார்த்த பிசிசிஸ்ட், “தண்டுவடம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. ஒரு பக்கச் சுரப்பிக்குக் கொஞ்சம் கூடப் போயிருக்கு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதே” என்றார். நான் அன்றே சொல்லியிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். முப்பத்தைந்தில் மூன்று. அந்த மூன்று நாளால் ஒரு மனிதரின் வாய் எவ்வளவு கூடுதலாக வறண்டது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது.

புது மாஸ்க் செய்து சிடி எடுக்க, அவரை மறுபடி சிமுலேஷனுக்குக் கொண்டுவந்த நாளைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். மாஸ்க் ஷீட் வெந்நீர்த் தொட்டியில் இளகிக்கொண்டிருந்தது.

“புதுசு மறுபடி இறுக்குமா தம்பி?”

“ஆமாங்கய்யா. இறுக்கமா இருந்தாத்தான் சரியா இருக்கும்.”

“அன்னைக்கு நல்லதுன்னியே?”

குரலில் கோபம் இல்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டார். உங்களுக்கு வலி இல்லை என்றீர்களே, அதற்குச் சொன்னேன் என்றேன். அது உண்மைதான், தப்பித்துக்கொள்ளச் சொன்னதும்தான். அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “கட்டி கரையுதுன்னு நெனைச்சேன். அதான் முழுங்க முடியலன்னு யார்கிட்டயும் சொல்லல.”

ஷீட் தயாராகிவிட்டது. இளகிய ஷீட் சில நிமிடங்களில் இறுகிவிடும், அதற்குள் முகத்தில் படிய வைத்தாக வேண்டும். அதனால் நான் பதில் சொல்லவில்லை. நேரம் இருந்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? மறுநாள் அவருக்கு மூக்கு வழியாக உணவுக் குழாய் போட்டார்கள்.

பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. 1986 மார்ச், அமெரிக்காவின் டைலர் நகரம், தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம். மென்பொருள் கோளாறால் ஒரு நோயாளிக்குப் பல மடங்கு டோஸ் பாய்ந்தது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. மின்சாரம் தாக்கியதுபோல் அவர் துடித்தார். கேமரா இணைப்பு இல்லை, இன்டர்காம் வேலை செய்யவில்லை. வெளியே இருந்த ஆபரேட்டர் தொடரச் சொல்லி மறுபடி பட்டனை அழுத்தினார். இயந்திரத்துக்கு முன்னால் நோயாளியின் உடம்புக்குத் தெரிந்துவிட்டது, அவர் குரல்தான் நம்மை வந்து சேரவில்லை என்று சொல்லி முடிப்பேன். இரண்டையும் ஒன்றாக வைப்பது நியாயமில்லை என்று தெரியும். அங்கே உயிர் போனது. ஆனால் என் அறையில் இன்டர்காம் வேலை செய்தது. கேமராவும் இருந்தது. அவர் பேசியதோ என் முகத்துக்கு நேரே.

இப்போதெல்லாம் யாராவது மாஸ்க் சௌகரியமாக இருக்கிறது என்றால், “எத்தனை நாளா?” என்று கேட்கிறேன். சாப்பிட முடிகிறதா என்றும் கேட்கிறேன். இதுதான் சரி என்று கொஞ்ச காலம் நம்பினேன். போன மாதம் ஓர் அம்மாவிடம் கேட்டபோது, “ஏன் கேட்கிறீங்க? ஏதாவது ஆயிடுச்சா?” என்று வெலவெலத்துப் போனார். எடை குறைந்திருக்கலாம், பார்த்துக்கொள்வோம், பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாகத்தான் விளக்கினேன். உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு தோள்களைத் தூக்கிவிட்டார். ஸ்கேன் பொருந்தவில்லை. மாஸ்க்கைக் கழற்றி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி படுக்கவைத்து இரண்டாவது ஸ்கேன் எடுத்தேன். மாஸ்க் நன்றாகவே பொருந்தியிருந்தது. எடையும் குறையவில்லை.

மறுநாள் டேபிளில் ஏறும்போது அவரே கேட்டார். “மாஸ்க் எப்படி இருக்குன்னு தினம் நான் சொல்லணுமா, நீங்களே பாத்துக்குவீங்களா?”

“ரெண்டும்தாம்மா” என்றேன்.