குமிழி குறைந்தால் எங்கே பார்ப்பது?

மண்டபம், கீழக்கரை மாதிரி கடலோர ஊர்களில் செடி வளர்க்கும் மீன்தொட்டி வைத்திருந்தால், அந்தச் செடிகளுக்குக் குமிழியாக வாயு கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு செட்டுக்கு முதல் எதிரி உப்புக்காற்றுதான். பித்தளை நட்டில் பச்சை பூத்தால் அன்றே துடைத்துவிடுங்கள்.

குமிழி குறைந்ததும் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வைத் திருகாதீர்கள். முதலில் கசிவைத் தேடுங்கள்: ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். சிலிண்டர் வாயில் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம். அங்கே அடைப்பது வாஷர், மரை அல்ல. சாதாரண சிலிக்கான் குழாய் தன் சுவர் வழியாகவே வாயுவை விடும், பாலியூரித்தேன் குழாய் போடுங்கள்.

சிலிண்டரின் அழுத்த மீட்டர் ஏமாற்றும். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் காட்டுவது வெப்பநிலையைத்தான்: 25 டிகிரியில் சுமார் 64 பார், 30 டிகிரியில் 70ஐத் தாண்டும். மிச்சம் எவ்வளவு என்று தராசுதான் சொல்லும். சிலிண்டரை வெயிலில் வைக்கவே கூடாது.

நீரில் வாயு எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் டிராப் செக்கரில் (நீலம் என்றால் குறைவு) தொட்டி நீரை ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! கடினமான கிணற்று நீரில் அது நீலத்திலேயே நிற்கும். வாயு போதவில்லை என்று கூட்டிக் கூட்டி மீனைக் கொன்றுவிடுவீர்கள். 4 டிகேஎச் (நீரின் கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல்தான் சரி. பச்சை என்றால் வாயு ஏறக்குறைய 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு). நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

வாயுவை நுண்குமிழியாக்கும் டிஃப்யூசரில் சுண்ணாம்பு படிந்தால் வினிகர், பாசி என்றால் பிளீச். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

கரண்ட் போனால் சோலனாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) தானே மூடிக்கொள்ளும். ஆனால் நீரைத் திரும்பி வரவிடாத செக் வால்வு பழுதாக இருந்தால் தொட்டி நீர் குழாயில் ஏறி சோலனாய்டைக் கெடுக்கும். குழாயைக் கழற்றி செக் வால்வில் தொட்டிப் பக்கத்திலிருந்து ஊதுங்கள். காற்று போனால் புது வால்வு வாங்குங்கள்.