இருபது வளைவுக்கு மேலே ஒரு நோட்டீஸ்

நவம்பர் 17, திங்கள்

மாதம் ஒரு தாள். என்னென்ன உதவி கிடைக்கும், அதற்கு என்ன காகிதம் வேண்டும், எங்கே கொடுப்பது. முன்னும் பின்னும் அச்சடித்துத் தொகுதி முழுக்கக் கொடுக்க வேண்டும் என்று எம்.எல்.ஏ. சொல்லியிருந்தார். அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவன் நான்தான் என்பதால் வேலை என் தலையில்.

அரசாணைகளைப் பார்த்து அப்படியே அடித்துக் கொடுத்தேன். "விண்ணப்பதாரர் உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலரை அணுகலாம்." படித்துவிட்டு, "இதை உங்க அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினீங்களா?" என்று கேட்டார்.

ராத்திரி வீட்டில் படித்துக் காட்டினேன். சேலம் அம்மாப்பேட்டையில் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவள் அவள். மூன்றாவது வரியிலேயே நிறுத்தினாள். "யாருக்குடா எழுதியிருக்கற? தாசில்தாருக்கா?"

நவம்பர் 18

திரும்ப எழுதினேன். 60 வயதைத் தாண்டி, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு மாதம் 1200 ரூபாய். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைக்கும்; வி.ஏ.ஓ.விடம் வாங்கிய வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மாதம் 1000. பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

108 எல்லோருக்கும் தெரியும். 104-க்குக் கூப்பிட்டால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும் என்பது எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேருக்குத் தெரியவில்லை. 181 பெண்களுக்கு, 1098 குழந்தைகளுக்கு, 14567 முதியோருக்கு, 1100 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புப் பிரிவுக்கு.

எம்.எல்.ஏ. தன் கையால் மேலே ஒரு வரி சேர்த்தார்: "இவற்றில் எதற்கும் எம்.எல்.ஏ. கடிதம் தேவையில்லை." சேர்வராயன் மலையிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி இறங்கி, லெட்டர்பேடில் ஒரு கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறார்கள். கையெழுத்து போட்ட கடிதத்தை வாங்கும் அதிகாரி அதை ஃபைலில் சொருகிவிட்டு, "சரி, வருமானச் சான்று எங்கே?" என்றுதான் கேட்கப் போகிறார். பென்ஷனுக்கு ஆணை போடுவது தாசில்தார், எம்.எல்.ஏ. அல்ல.

சுற்றியிருந்த நம்ம ஆட்களுக்கு இந்த வரி பிடிக்கவில்லை. "ஆபீஸ்ல கூட்டமே இருக்காதுங்க" என்றார் ஒருவர். அவருக்குக் கூட்டம்தான் கணக்கு. வரி அப்படியே இருந்தது.

நவம்பர் 21

நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பன்னிரண்டாவதில் வழக்கம்போல வயிற்றைப் பிரட்டியது. சேலத்திலேயே பிறந்து வளர்ந்தும் இன்னும் பழகவில்லை.

நாகலூர் தாண்டி ஒரு சிற்றூர். பகல் பதினொரு மணிக்குப் போய் நின்றால் ஊரில் இரண்டு கிழவிகளும் நாய்களும்தான். காப்பிப் பழம் பறிக்கிற காலம்; கையும் காலும் நடமாடுகிற எல்லோரும் எஸ்டேட்டில். இந்த நேரத்தில் முகாம் போடுகிறவர்களை என்ன சொல்வது? நானும் அதைத்தான் செய்தேன் என்பதால் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பகுதிநேர ரேஷன் கடைச் சுவரில் மைதாப் பசை தடவி ஒட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் திரும்பும்போது சுவரில் நான்கு மூலைதான் மிச்சம். திண்ணையில் இருந்த கிழவி சொன்னாள்: "ஆடு படிச்சுருச்சு சாமி."

நவம்பர் 24, திங்கள்

அந்தக் கிழவிக்கே விண்ணப்பம் போடலாம் என்று இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனேன். விரலை வைத்தால் ரேகை விழவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், துடைத்துவிட்டு மறுபடி கட்டை விரல். அந்தக் கையைக் கிட்டத்தில் பார்த்தேன். காப்பியும் மிளகும் பறித்துப் பறித்து விரல் நுனி, தேய்ந்த அம்மிக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. கோடே இல்லை.

சரி, ஓ.டி.பி. போடலாம் என்றார் மையத்துப் பெண். ஆதாரோடு இணைந்த எண் பேரனுடையது. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பத்து நிமிஷத்துக்குள் எண்ணைச் சொல்லியாக வேண்டும். கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். மூன்று முறை அனுப்பினோம், மூன்றும் காலாவதி. கிழவி பெஞ்சில் உட்கார்ந்து, "அவன் சாப்பிட்டானோ என்னமோ" என்றாள்.

நோட்டீசில் நான் போட்டிருந்தது: "ஆதார் அட்டையுடன் சென்றால் போதும்."

டிசம்பர் 1

மழை. மேலே போகவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததிலிருந்து, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தாலே அடிவாரத்தில் ஆளாளுக்கு மேலே அண்ணாந்து பார்க்கிறார்கள்.

டிசம்பர் 4

இந்த முறை புத்தியாக, எஸ்டேட் வேலை விடுகிற நேரத்துக்குப் போனேன். பழத்தை எடை போடும் இடத்தில் வரிசை. மூட்டையை இறக்கிவிட்டு ஒரு பெண் தாளை வாங்கிப் படித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். "மாதம் 1200 வரும்மா, எழுதிப் போடலாமே" என்றேன்.

அவள் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். ஆதரவற்ற.

"எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்கண்ணா. எங்க அண்ணன் இருக்காரு. நான் பறிச்சுச் சம்பாதிக்கிறேன். ஆதரவில்லாதவள்னு நானே எப்படிண்ணா எழுதிக் கொடுக்கறது? நாளைக்கு எம் பையன் படிச்சான்னா?"

பதில் வரவில்லை எனக்கு. பணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறாள்.

கீழே வந்து எம்.எல்.ஏ.விடம் சொன்னேன். "திட்டத்துப் பேரை நாம மாத்த முடியாது, சட்டசபையில கேட்கலாம். தாளை மாத்தலாமில்ல?" என்றார். இப்போது இப்படி இருக்கிறது: "கணவரை இழந்த பெண்களுக்கு மாதம் 1200 ரூபாய். படிவத்தில் 'ஆதரவற்ற' என்று இருக்கும். அது திட்டத்தின் பெயர். உங்களைப் பற்றிச் சொல்வது அல்ல." இதுவரை நான் அடித்ததில் இந்த நாலு வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

டிசம்பர் 8, திங்கள்

என் தப்பு ஒன்று. சாதிச் சான்றிதழ் என்ற இடத்தில் பொத்தாம்பொதுவாகத் "தாசில்தார்" என்று போட்டிருந்தேன். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். சேர்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் அப்படி எழுதியிருக்கிறேன். ஒரு தகப்பனார் மகளின் சான்றிதழுக்காக என் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை அலைந்திருக்கிறார். கோபப்படவில்லை. "அச்சடிச்சதாச்சே, சரியா இருக்கும்னு நினைச்சேங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

மீதி இருந்த 400 தாளிலும் பேனாவால் அடித்துத் திருத்தினேன். விரல் வீங்கிவிட்டது.

(மலையாளி என்றதும் கேரளம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன வாரம் ஒரு விண்ணப்பத்தில் எவரோ தாய்மொழி 'மலையாளம்' என்று ஏற்றியிருந்தார். இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.)

டிசம்பர் 12

ராத்திரி ஏழு மணி. காப்பி காயப்போடும் களத்தில் தார்ப்பாய் போர்த்திய குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்தோம். நான் படிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று செல்போன் வெளிச்சத்தில் படித்தது. வரிக்கு வரி நிறுத்தி அவர்கள் பேச்சில் திருப்பிச் சொன்னது. நான் ஒரு பக்கம் எழுதியதைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு மூன்று வாக்கியம் போதுமாயிருந்தது. கேள்விகள் அப்போதுதான் வந்தன. பட்டா இல்லாவிட்டால்? கார்டில் பெயர் தப்பாக இருந்தால்? செத்தவர் பெயர் இன்னும் நீக்கவில்லையே, அதனால் தடை வருமா? பாதிக்கு எனக்குப் பதில் தெரியும். மீதியைக் குறித்துக்கொண்டேன். அடுத்த மாதத் தாளே அதுதான்.

எடை போடும் இடத்தில் பார்த்த பெண்ணும் வந்திருந்தாள். திருத்திய தாளை வாங்கி, படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்தாள். எழுதிப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கீழே இறங்கும்போது எட்டாவது வளைவில் டவர் கிடைத்து போன் அடித்தது. திருப்பூர் எண்.

"அண்ணா, மூணு ஓ.டி.பி. வந்து கிடக்குதுண்ணா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. சொல்லட்டுங்களா?"

அதெல்லாம் அன்றைக்கே செத்துப் போச்சு தம்பி என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறானாம், திங்கள் லீவு சொல்லிவிட்டானாம், பாட்டியை அவனே கூட்டிப் போகிறானாம். "திங்கக்கெழமை அங்க கரண்ட் இருக்குமாண்ணா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.