போர்டில் என்ன எழுதுவது?

வேலூரில் நான் குடியிருக்கும் பகுதியின் பெயரே காகிதப்பட்டறை. அங்கே ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் தைக்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் கம்பெனிகளில் வெட்டி மீந்த துண்டுகளைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்து அட்டை போடுகிறேன். காலடியிலேயே இப்படி ஒரு பெயர் கிடக்கும்போது தொழிலுக்குத் தனியாகப் பெயர் தேடுவானேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊரும் வந்துவிடும், வேலையும் வந்துவிடும்.

அதுதான் வினையாகப் போனது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, இடத்தையோ சரக்கின் தன்மையையோ மட்டும் சொல்கிற சொல்லைச் சாதாரணமாக ஒருவர் பெயரில் பதிந்து தரமாட்டார்கள். நான் வைத்திருந்தது இரண்டிலும் மாட்டியது. சட்டம் கிடக்கட்டும், ஆட்டோக்காரரிடம் "காகிதப்பட்டறைக்குப் போகணும்" என்றால் ஆளை எந்த முனையில் இறக்கிவிடுவார்? இங்கிலீஷில் எழுதினால் 15 எழுத்து வேறு.

அடுத்து, 'தோலேடு'. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெரியம்மா காதில் போட்டேன். "தோல்னு ஆரம்பிக்கிறியே, பக்கத்துல ஒரு 'வி' போட்டா இன்னா ஆவும் பாரு" என்றார். பார்த்தேன். அதற்கப்புறம் எத்தனை தடவை எழுதிப் பார்த்தாலும் அந்த 'வி' வந்து ஒட்டிக்கொண்டது.

'ஊசிநூல்' மூன்று வாரம் தாங்கியது. நியாயமான பெயர்தான். 16 பக்கம் ஒரு பாரம். பாரம் பாரமாக மடித்து, முதுகில் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் ஒன்றோடொன்று கோத்து இறுக்க வேண்டும். பத்துப் பாரம் தைத்து முடிக்கும்போது ஆள்காட்டி விரலில் நூல் ஒரு கோடு போட்டிருக்கும். ரப்பர் ஸ்டாம்ப் செய்து, முதல் நாற்பது நோட்டின் பின்னட்டையில் அழுத்தி, காந்தி ரோட்டில் ஒரு கடையில் வைத்துவிட்டு வந்தேன். நாலாவது நாள் கடைக்காரர் போன் செய்தார். "இன்னாம்மா, சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துல 'ஊசி'ன்னு எழுதிக் குடுத்திருக்க? ஊசி போட்ட கணக்கு எழுதற நோட்டான்னு கேக்கறாங்க."

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் எனக்கு வேறொன்று பிடிபட்டது. அந்தத் தெருக்களின் லாட்ஜ்களில் தங்கியிருப்பவர்களில் பெரும் பகுதி மேற்கு வங்கத்துக்காரர்கள். நோயாளிக்குத் துணையாக வந்து வாரக்கணக்கில் இருப்பவர்கள். டாக்டர் பார்க்கும் தேதி, மாத்திரை வேளை, அறை வாடகை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள். என் நோட்டை வாங்குவதில் பாதிப் பேர் அவர்கள்தான். அவர்கள் வாயிலும் நுழைகிற பெயராக இருக்க வேண்டும். 'இழை' என்று ஒன்றை ஆசையாக மனதில் வைத்திருந்தேன். அன்றைக்கே எடுத்துவிட்டேன். நம்மவர்களுக்கே ழகரம் தகராறு.

'மடி' என்று சுருக்கமாக வைக்கலாமா என்று கீழ்வீட்டு ஐயாவிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "மடின்னா சோம்பல். அது கூடாதுன்னு வள்ளுவர் 61ஆம் அதிகாரம் முழுக்கப் பத்துக் குறள் எழுதியிருக்கார். நீ அதையே போர்டுல எழுதி மாட்டப் போறியா?" என்றார். சரி, 'மடிப்பு' என்று கூட்டிக்கொண்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வணிகச் சின்னப் பதிவேட்டின் இணையதளத்தில் காசு கட்டாமலே தேடலாம். ஒலியில் ஒத்துவரும் பெயர்களையும் காட்டும். ஒரு சாயங்காலம் முழுக்க அதில் போனது. பதிவுக்காகச் சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: நோட்டுப் புத்தகம் 16ஆம் வகுப்பு, தோல் பர்ஸ் 18ஆம் வகுப்பு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பர்ஸ் தைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று 16க்கு மட்டும் கட்டினேன்.

போர்டில் தமிழ் மேலே பெரிதாக, இங்கிலீஷ் அதன் கீழே. நம் மாநிலத்தில் கடைப் பலகைக்கு விதியே அப்படித்தான். பிளெக்ஸ் கடைக்கு அவசரத்தில் இங்கிலீஷ் எழுத்திலேயே பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பியது என் தப்பு. அங்கிருந்த பையன் அதை அப்படியே தட்ட, கணினி 'மதிப்பு' என்று மாற்றிக்கொடுத்திருக்கிறது. ஆறடி பிளெக்ஸில் 'மதிப்பு'. "இதுவும் நல்லாத்தானே இருக்கு மேடம்" என்றான். அந்த பிளெக்ஸ் இப்போது மேசை விரிப்பு. அதன்மேல்தான் பசை தடவுகிறேன்.

புதிய போர்டு மாட்டிய வாரம், கடைக்காரர் வழி சொல்லி அனுப்ப, கொல்கத்தா அம்மா ஒருவர் படியேறி வந்தார். கணவருக்கு அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஊருக்குக் கொண்டுபோக ஆறு நோட்டு வேண்டும். போகும்போது போர்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை மெதுவாக, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். "மா... டி... ப்பூ?"

நான் திருத்தவில்லை. மாடியில்தானே இருக்கிறேன்.