கைக்கு அடக்கமான ரம்பமும் நான் கிழித்த பட்டையும்

வீட்டு மரங்களைக் கவாத்து செய்வதற்காகச் சிறிய பேட்டரி செயின்சா ஒன்றை வாங்கி ஓராண்டுக்கும் மேலாகிவிட்டது. பல் வைத்த சங்கிலி சுற்றி ஓடும் ஆறு அங்குலத் தகடான பாரும் பேட்டரியும் சேர்ந்தே இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும் கருவி அது. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையை, கைவாளைக் கொண்டு அறுத்தால் தோள்பட்டை நோகும் கிளையை, சில நொடிகளில் துண்டித்துவிடுகிறது. ஆனால் அந்த வேகம் என்னிடமிருந்து எதைப் பறித்தது என்பது முதல் நாள் மாலையில்தான் புரிந்தது. கைவாளில் அறுக்கும்போது பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். அந்த ஓய்வில் அண்ணாந்து மரத்தைப் பார்ப்போம், இந்தக் கிளை போகத்தான் வேண்டுமா என்று யோசிப்போம். செயின்சாவில் அந்த இடைவெளியே இல்லை. யோசித்து முடிப்பதற்குள் கிளை காலடியில் கிடக்கிறது.

அன்று நான் வேண்டியதற்கு மேலேயே வெட்டிவிட்டேன். ஒரே பருவத்தில் மரத்தின் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மர வளர்ப்பில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. அதை நான் மீறியதற்கு மரம் தந்த பதில், அடுத்த சில மாதங்களில் வெட்டுவாய்களைச் சுற்றிலும் செங்குத்தாகக் கிளம்பிய நீர்ப்போத்துகள் என்னும் இளங்கிளைகள். அடர்த்தியைக் குறைக்கப் போய் அதைக் கூட்டிவிட்டு வந்திருந்தேன். இப்போதெல்லாம் முதலில் சாக்கட்டியுடன் மரத்தைச் சுற்றி வந்து, வெட்ட வேண்டிய இடங்களில் கோடு போட்ட பிறகே பேட்டரியைச் செருகுகிறேன்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அன்றே நடந்தது. சற்றே கனமான பக்கக் கிளை ஒன்றை, தண்டை ஒட்டி, மேலிருந்து நேராக அறுத்தேன். முக்கால் பங்கு அறுபடுவதற்குள் கிளை தன் கனத்தாலேயே முறிந்து சாய, அதன் அடிப்பக்கத்துப் பட்டை தண்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நாராக உரிந்து வந்துவிட்டது. உரிந்த இடம் ஈரமாகவும் வெளிறியும் பளபளத்தது. விரல் வைத்தால் வழுக்கியது. இதைத் தவிர்க்கும் வழி மூன்று வெட்டுகளில் இருக்கிறது. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிளையின் அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கும் சற்று அப்பால், மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை இப்போது முறிந்தாலும் பட்டையின் கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும். கனமின்றி எஞ்சி நிற்கும் கிளையின் அடிக்கட்டையை மூன்றாவதாக அறுத்தெடுக்கலாம். முதல் வெட்டில் பேராசை கூடாது. ஆழம் மிகுந்தால் கிளையின் கனம் வெட்டுவாயை மூடிப் பாரைக் கவ்விக்கொள்ளும்.

மூன்றாவது வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதே கவாத்தின் உயிர்நாடி. கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றுப் பருத்த வளையம் போன்ற மேடு இருக்கும். அதைச் சேதப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு வழவழப்பாகச் சீவிவிடுவதுதான் நேர்த்தி என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அது தவறு என்பதை எடுத்துக்காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. மரங்களை நீளவாக்கில் பிளந்து ஆராய்ந்த அவர், காயம்பட்ட திசுவை மரம் நம் தோலைப் போல ஆற்றிக்கொள்வதில்லை, தடுப்புச் சுவர்களை எழுப்பி அழுகலை ஓரிடத்தில் அடைத்து வைக்கிறது என்ற விளக்கத்தை 1977-இல் வெளியான நூலில் முன்வைத்தார். அந்த மேடுதான் அத்தடுப்பின் முக்கியமான இடம். அவர் மரங்களைப் பிளக்கக் கையாண்டதும் செயின்சாதான் என்பதை அறிந்தபோது, என் கருவியின் மீது சற்று மரியாதை கூடியது.

கருவி சிறியது என்பதால் பலரும், நானும்தான், ஒற்றைக் கையில் பிடித்து மறு கையால் கிளையைப் பற்றிக்கொள்ளத் துணிகிறோம். பார் நுனியின் மேற்பகுதி வேறொரு கிளையில் பட்டுவிட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் நம்மை நோக்கி எகிறும். பெரிய செயின்சாக்களில் சங்கிலியை உடனே நிறுத்தும் தடை உண்டு. சிறியவை பலவற்றில் அது இல்லை. எனவே இரு கைகளும் கருவியில் இருக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். ஏணி மீது நின்றுகொண்டு இயக்கவே கூடாது.

சங்கிலியைப் பற்றி ஒரு வெட்கக்கேடான செய்தி. முதன்முறை கழற்றித் துடைத்து மாட்டிய பிறகு, ரம்பம் மரத்தை அறுக்காமல் தேய்த்து, புகையும் கருகல் நாற்றமுமாக நின்றது. பேட்டரி கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் சங்கிலியைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். பாரின் மேற்பக்கத்தில் பற்களின் கூர்முனை நுனியை நோக்கி இருக்க வேண்டும். திசை சரியாக இருந்தும் சீவல்களுக்குப் பதில் மாவு போன்ற தூள் விழுந்தால் பற்கள் மழுங்கிவிட்டன என்று பொருள். அரத்தை எடுக்கும் நேரம் அது. புதுச் சங்கிலி ஓடும்போது நீளும் என்பதால், முதல் சில வெட்டுகளுக்குப் பின் பேட்டரியைக் கழற்றிவிட்டு இறுக்கத்தைச் சரிபார்க்கிறேன்.

எண்ணெய் விடுவதும் கட்டாயம். விட்ட எண்ணெய், வேலை முடிந்து அலமாரியில் வைத்த பிறகும் பாரிலிருந்து மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. அதற்காகவே அடியில் விரித்து வைத்திருக்கும் பழைய அட்டையில், பாரின் வடிவத்திலேயே ஒரு கறை படிந்திருக்கிறது.