ஒரு கால் மட்டும் தூக்கியிருந்தது

3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின், 1998-இல் வெளிவந்த வூடூ2 சிப்புகளைக் கொண்ட 12 எம்பி கிராஃபிக்ஸ் கார்டு (விளையாட்டுகளின் முப்பரிமாணப் படங்களை வரைவது) ஒன்று என்னிடம் உள்ளது. உறையில்லாமல் இழுப்பறையில் மற்ற கார்டுகளுக்கு அடியில் பல ஆண்டுகள் கிடந்த அதை, அண்மையில் பழைய கணினியில் பொருத்தி ஒரு விளையாட்டைத் திறந்தபோது, சுவர், தரை, கதவு என எல்லாவற்றின் மீதும் அரிசியை இறைத்தாற்போல் வண்ணப் புள்ளிகள் சிதறித் தெரிந்தன. டெக்ஸ்சர் (பரப்பின் மேல் போர்த்தும் படம்) ஒட்டப்படாத வெறும் வண்ணப் பரப்புகளில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

பழுதைப் பாதி காட்டிக்கொடுத்தது அந்த வேறுபாடுதான். இந்தக் கார்டில் முதன்மைச் சிப்புகள் மூன்று. ஒன்று முழுப் படத்தைச் சேர்த்து வெளியே அனுப்புகிறது, மற்ற இரண்டும் டெக்ஸ்சர்களைக் கவனிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எட்டு நினைவகச் சிப்புகளில் தனித்தனியாக 4 எம்பி உண்டு. படத்துக்கான நினைவகம் கெட்டிருந்தால் திரை முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால், டெக்ஸ்சர் பக்கத்தை மட்டும் தேடினால் போதும் என்று முடிவு செய்தேன்.

கார்டைச் சமையலறை மின்னடுப்பில் (ஓவன்) வைத்துச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடிப்பகுதியில் ஈய உருண்டைகள் கொண்ட பிற்காலச் சிப்புகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் யோசனை அது (அவற்றுக்கும் அது நிலைத்த தீர்வன்று). இங்கே சிப்பைப் பலகையோடு இணைக்கும் உலோகக் கால்கள் எல்லாம் சிப்பைச் சுற்றி வெளியே கண்ணுக்குத் தெரிகின்றன. சூட்டில் கெடப்போவது மின்தேக்கிகளும் பிளாஸ்டிக் இணைப்பிகளும்தான்.

பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொரு காலையும் தையல் ஊசியின் நுனியால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். இரண்டாவது டெக்ஸ்சர் சிப்பின் மூலையருகே ஒரு கால் மட்டும் அசைந்தது. வேடிக்கை என்னவென்றால், மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரில் முன்பே சோதித்தபோது அதே கால் நன்றாக இருப்பதாகப் பீப் ஒலித்திருந்தது. மீட்டரின் முனையை அழுத்தியதில் தூக்கியிருந்த கால் பலகையைத் தொட்டுவிட்டது. காலின் மேல் வளைவை அழுத்தாமல் தொட்டபோது ஒலி எழவில்லை.

ஈயம் நன்றாகப் பற்ற உதவும் ஃபிளக்ஸைத் தடவி, 183 டிகிரி செல்சியஸில் உருகும் 63/37 ஈயத்தைச் (63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது) சிறிதளவு எடுத்து, காலை ஊசியால் தாழ்த்திப் பிடித்தபடியே சோல்டரிங் அயர்னின் நுனியால் ஒருமுறை தொட்டேன். பக்கத்துக் கால்களோடு ஈயம் ஒட்டவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து முழுவதும் உலரவிட்டேன்.

சிப்பே கெட்டிருந்தால் நான் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டேன். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 2000-இன் இறுதியில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டு ஒடுங்கிய பிறகு, மாற்றுச் சிப்புக்கு இன்னொரு கார்டைத்தான் பலியிட வேண்டும். அதைவிட அந்தக் கார்டையே பயன்படுத்திவிடலாம். விளையாடுவது மட்டுமே நோக்கமானால், இன்றைய கணினியில் இந்தக் கார்டுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளைக் கார்டில்லாமலே ஓட்டும் என்கிளைடு போன்ற மென்பொருளே போதும்.

புள்ளிகள் மறைந்துவிட்டன. கார்டு இப்போது நிலைமின்சாரம் தாக்காத உறைக்குள், மேலே எதுவும் அடுக்கப்படாமல் தனியாக இருக்கிறது.