வீட்டிலேயே இரவு ஆக்ஸிஜன் பார்த்த கதை: கடையில் நீட்டும் தாளை அப்படியே வாங்கிவிடாதீர்கள்

எங்கள் வீட்டுக்காரர் குறட்டை விடுவார் என்பது உறையூரில் எங்கள் சந்துக்கே தெரிந்த விஷயம். கல்யாணமான புதிதில் அழுகை வந்தது, அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் பழகிவிட்டது. நடுராத்திரியில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றால் "அப்பாடா" என்று நானும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவேன். பயப்பட வேண்டியதே அந்த அமைதிக்குத்தான் என்று இந்த வருஷம்தான் தெரிந்தது.

தை மாதம் ஒரு காலை, பால்பண்ணை சிக்னலில் நிற்கிறோம். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்துவிட்டார். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் இவருக்குக் கண் செருகியிருக்கிறது, இரண்டு காலும் தரையில் ஊன்றியபடி. கேட்டால் "தூசி விழுந்துடுச்சு" என்கிறார். ஏற்கனவே இரண்டு மாத்திரை போட்டும் பிரஷர் 150/100-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. அடுத்த தடவை போனபோது பிரஷர் டாக்டரிடம் சிக்னல் கதையைப் போட்டு உடைத்தேன். அவர் ஒரு டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தார். 43 சென்டிமீட்டர். 40-க்கு மேல் போனாலே தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதியோ (ஸ்லீப் ஆப்னியா) என்று சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லி நுரையீரல் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே காத்திருக்கும்போது எட்டுக் கேள்வி கொண்ட தாள் ஒன்று தருவார்கள். டிவி பார்க்கும்போது தூக்கம் வருமா, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தால் வருமா என்ற மாதிரி. மொத்தம் 24 மதிப்பெண், 10-க்கு மேல் போனால் பகல் தூக்கம் அதிகம் என்று கணக்கு. இவர் நிரப்பியதில் 6 வந்தது. அதே தாளை இவருக்காக நான் நிரப்பினேன், 17 வந்தது. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு என் தாளைத்தான் ஃபைலில் வைத்தார். தாளை நிரப்பும்போது கூடப் படுப்பவர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் ஒரு இரவு வீட்டில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பதிவு செய்து வாருங்கள், அதைப் பார்த்துவிட்டு முழுத் தூக்கப் பரிசோதனையை முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். "ஆக்ஸிஜன் பார்க்கிறதுதானே, கொரோனா காலத்தில் வாங்கின, விரலில் மாட்டுகிற கிளிப் வீட்டில் இருக்கிறதே" என்று நான் மேலே ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். முதல் சறுக்கல் அது.

அந்தக் கிளிப்பைத் துடைத்து, ரிமோட்டில் போடுகிற மெல்லிய பேட்டரி இரண்டைப் போட்டு, மகளின் விரலில் சோதித்தால் 92 என்று காட்டித் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் கவனித்தேன், நகத்தில் கருநீலப் பூச்சு. பூச்சில்லாத விரலுக்கு மாற்றினால் 98. அன்றிரவு இவர் விரலில் மாட்டிவிட்டு, மகளின் ரஃப் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு மேல் ஆரம்பித்தது. குறட்டை ஏறி ஏறிப் போய், சட்டென்று அமைதி. வாய் திறந்தே இருக்கிறது, வயிறு மட்டும் எக்குகிறது, காற்று போகவில்லை. மனசுக்குள் எண்ணினேன். இருபத்தெட்டு வரை வந்ததும் மூழ்கப் போனவர் தண்ணீருக்கு மேலே வந்த மாதிரி ஒரு உறிஞ்சல். பத்து விநாடி நின்றாலே அது கணக்கில் வரும் என்று பிறகு சொன்னார்கள்.

ஒன்று மட்டும் என்னைக் குழப்பியது. மூச்சு நின்றிருக்கும்போது கிளிப் 95 என்று சாதுவாகக் காட்டியது. மூச்சு திரும்பி, அப்பாடா என்று நான் நிமிரும்போது 90, 87, 83 என்று இறங்கியது. கிளிப் கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். கெடவில்லை. நுரையீரலில் நடந்தது ரத்தத்தோடு விரல் நுனிக்கு வந்து சேர அரை நிமிஷம் போல ஆகும், கருவியும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டும். அதாவது எண் சொல்வது சற்றுமுன் நடந்த கதை. இது தெரியாமல் மூச்சு நிற்கும் நேரத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பவர்கள் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஏமாந்துபோவார்கள்.

மூன்று மணி வரை எழுதினேன். மூன்று பக்கம். ஆனால் 83-ஐப் பார்த்த பயத்தில் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் இவரை உலுக்கிக்கொண்டே இருந்தேன். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "பாதி ராத்திரி நீங்களே எழுப்பி விட்டிருக்கீங்களேம்மா, இதை வச்சு எண்ண முடியாது" என்றார். கட்டணம் கட்டி, இவர் அரைநாள் லீவு போட்டுப் போனது வீண். நினைவில் பதிந்து வைக்கிற கருவி வேண்டும், வாடகைக்குக் கிடைக்கும் என்றார். கொழுந்தனாரின் ஸ்மார்ட் வாட்ச் போதுமா என்று கேட்டதற்குப் போதாது என்று தலையை ஆட்டிவிட்டார். அது விட்டுவிட்டு அளக்கும், காலையில் "சராசரி 96" என்று சொல்லும். முப்பது விநாடி சரிந்து ஏறுவதெல்லாம் சராசரிக்குள் காணாமல் போய்விடும். எங்களுக்கு வேண்டியது அந்தச் சரிவுதான்.

தில்லைநகரில் மருத்துவச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு கடை. இரவுக்கு 700 ரூபாய், முன்பணம் 5,000. ஆதார் அசலை எடுத்துப் போயிருந்தேன், நகல் இல்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் தம்பி என்றால் "பேப்பராத்தான் வேணும்க்கா". மறுநாள் மறுபடி போனேன். கருவி மணிக்கட்டில் வாட்ச் மாதிரி கட்டிக்கொள்வது, அதிலிருந்து ஒரு ஒயர் விரலுக்குப் போகிறது, விரலில் ரப்பர் உறை. "போட்டா தானா ஓடும்" என்பதோடு விளக்கம் முடிந்தது.

தானாக ஓடியதுதான். ஆனால் இரவு ஒன்று பத்துக்கு விரலிலிருந்து உறை கழன்று, விடிய விடியத் தலையணைக்கடியில் சிவப்பாக எரிந்துகொண்டு கிடந்தது. மிச்சம் இருந்தது இரண்டரை மணி நேரப் பதிவு. நாலு மணி நேரமாவது இல்லாவிட்டால் பார்க்கவே மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். இன்னொரு 700.

இரண்டாம் இரவுக்கு நானே ஏற்பாடு செய்தேன். மருந்துக் கடையில் விற்கும் வெள்ளைக் காகித டேப்பை வாங்கி, ஒயரை விரலின் மேல்பக்கமாக ஓடவிட்டு, புறங்கையில் ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்டினேன். கை இழுத்தாலும் வளையம்தான் நீளும், உறை வராது. விரலைச் சுற்றி இறுக்கி ஒட்டக் கூடாது, ரத்த ஓட்டம் நின்றால் எண் பொய் சொல்லும். இவர் வலது பக்கம் ஒருக்களித்து அந்தக் கையைத் தலைக்கடியில் மடித்துப் படுப்பவர், அதனால் இடது கையில் மாட்டினேன். கைமேல் நேராகக் காற்று அடிக்காதபடி ஃபேனைக் குறைத்தேன். விரல் சில்லிட்டாலும் கருவி தடுமாறும்.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் வேறு. அன்று இவரைத் தொடக் கூடாது. டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தார், வழக்கம்போல் தூங்கட்டும், எழுப்பாதீர்கள் என்று. பக்கத்தில் ஒரு மனுஷனின் மூச்சு நிற்கிறது, நான் இரண்டு கையையும் என் தலையணைக்கடியில் செருகிக்கொண்டு எண்ணுகிறேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. மகளின் அறைக்குப் போய்ப் படுத்திருக்கலாம். போக முடியவில்லை.

காலை ஐந்து ஐம்பதுக்கு எடுத்தேன். திரையில் 6 மணி 40 நிமிஷம் என்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை, ஆனால் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

கடைத் தம்பி கருவியைக் கம்ப்யூட்டரில் செருகினார், பெயர் கேட்டு அடித்தார், தாளை நீட்டினார். சராசரி 97, குறைந்தபட்சம் 93, ஒரு மணி நேரத்துக்குச் சரிவு 1. இவருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, கழுதைக்குப் பேரு முத்துமாலைங்கிற மாதிரி, வெறும் குறட்டைக்கு ஒரு வியாதிப் பேரு" என்று படி இறங்கும்வரை பேசினார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. என் கண்ணால் 83-ஐப் பார்த்தவள் நான். ஒருவேளை நேற்று நன்றாகத் தூங்கினாரோ என்றால், முப்பத்திரண்டு எண்ணியதும் நான்தானே.

அந்தத் தாளோடேயே டாக்டரிடம் போனோம். அங்கே வெளியில் ஃபைல் வாங்கும் பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார் மதியானம் தூங்கினாரா?" என்றார். பதிவு ஆரம்பித்த நேரம் 12.35, முடிந்த நேரம் 4.45. பி.எம்.! தேதி வேறு போன மாதத்தது. டாக்டரிடம் அனுப்ப மாட்டேன், திருத்தி வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டுப் புடவையே எடுத்துக் கொடுக்கலாம்.

மருத்துவமனை வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாளை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். கால அளவு 4 மணி 10 நிமிஷம். நாங்கள் மாட்டியிருந்தது 6.40. சராசரி நாடித்துடிப்பு 58. இவருக்கு எந்தக் காலத்திலும் 75-க்குக் கீழே வந்ததில்லை. தலையில் எங்கள் பெயர், கீழே இருப்பது வேறு யாரோ.

கடைக்குப் போனால் தம்பி அசையவில்லை. "மெஷின் பொய் சொல்லாது மேடம்." காலையில் "அக்கா"வாக இருந்தவள் மத்தியானம் "மேடம்" ஆகிவிட்டேன். தேதி மட்டும் பேட்டரி தீர்ந்ததில் மாறியிருக்கும், பேனாவால் திருத்தித் தருகிறேன் என்றார். பேனாவால்! ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினேன். அதற்கும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது உள்ளேயிருந்து முதலாளி வந்துவிட்டார். அவர் பேசாமல் மறுபடி ஒயரைச் செருகி, பட்டியலைத் திறந்தார். கருவிக்குள் மூன்று பதிவு. எங்களுக்கு முந்தைய யாருடையதையோ அழிக்கவே இல்லை. தம்பி மேலே இருந்ததை அச்சடித்திருக்கிறார். கடைசியில் இருந்தது 6 மணி 40 நிமிஷம்.

எங்கள் தாள் வெளியே வந்தது. குறைந்தபட்சம் 71. 90-க்குக் கீழே இருந்த நேரம் 1 மணி 22 நிமிஷம். மணிக்கு 38 சரிவு. நான்கு புள்ளி சரிந்தால்தான் இந்தக் கருவி ஒன்று என்று எண்ணும். சில கருவிகள் மூன்று புள்ளிக்கே எண்ணுமாம், ஆகவே இரண்டு தாளை ஒப்பிடுபவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடம் ரம்பத்தின் பல்லாட்டம் இருந்தது. நாலு மணியிலிருந்து விடியும்வரை பல் நீண்டுகொண்டே போயிற்று. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், அப்போது தசையெல்லாம் தளர்ந்துவிடும், அதனால்தான் அந்த நேரத்தில் இவ்வளவு மோசம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். எனக்கு ஒரு நிமிஷம் "நான் சொன்னேன்ல" என்று ஜெயித்த சந்தோஷம் வந்தது, உண்மையை ஒளிப்பானேன். அடுத்த நிமிஷம் 71-ஐப் பார்த்தேன். இவர் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் டாக்டர் சொன்ன இரண்டு விஷயம் மட்டும் எழுதிவிடுகிறேன். விரலில் பார்ப்பது ஆக்ஸிஜனை மட்டும்தான், மூச்சை அல்ல. ஆக்ஸிஜன் சரியாமலே மூச்சுத் தடைப்பட்டுத் தூக்கம் கலைகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் தாள் நன்றாக வந்தாலும் அறிகுறி இருந்தால் விடக் கூடாது. இன்னொன்று, கருத்த தோலில் இந்தக் கருவிகள் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். ஒற்றை எண்ணைவிட ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள் என்றார். அதற்கப்புறம் மூக்கில் குழாய், மார்பில் பெல்ட் கட்டிய பரிசோதனை, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் இயந்திரம் எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. இவர் மாட்டிக்கொள்ள ஒரு வாரம் முறுக்கினார், இப்போது ஊருக்குப் போனாலும் பையில் முதலில் வைப்பது அதைத்தான்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே நின்று மூன்றைச் செய்யுங்கள்: பழைய பதிவை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள், தேதியையும் நேரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள், உறை விரலுக்குப் பொருந்துகிறதா என்று கையை உதறிப் பாருங்கள். காலையில் எடுத்தவுடன் திரையைப் படம் பிடியுங்கள்.

மனசில் கிடந்து உறுத்துவது வேறொன்று. அந்த 97 யாருடையது? அவருக்குக் கொடுத்த தாளில் இருந்தது அவருடைய இரவுதானா, அவருக்கும் முந்தையவருடையதா? முதலாளியிடம் கேட்டேன். நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார். இரண்டு தடவை ஃபோன் செய்து விசாரித்தேன், "பாத்துட்டிருக்கோம்மா" என்கிறார்கள். முன்பணத்தில் டேப் பசைக்கென்று 150 ரூபாய் பிடித்துக்கொள்ள மட்டும் அன்றே நேரம் இருந்தது.