பங்குனியில் காவிரி மணலில் ஒரு நடை

ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. முக்கொம்பில் ஆறு பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் நாங்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் தீவில் இருக்கிறோம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒன்றாம் நம்பர் பஸ் பாலம் ஏறும்போது ஜன்னலில் கொஞ்ச நேரம் தெரியுமே, எனக்குக் காவிரி அவ்வளவுதான்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக இந்தப் பங்குனியில் ஊரில் தங்க வேண்டி வந்தது. ஒரு விடியற்காலையில் 'அம்மா மண்டபம்' படித்துறையில் இறங்கி, மேலூர்ப் பக்கமாக ஆற்றுக்குள்ளேயே நடந்தேன். ஆமாம், உள்ளேயே. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். பங்குனியில் தண்ணீர் வாய்க்கால் அளவுக்கு ஓரமாக ஒதுங்கிவிடும், மிச்சமெல்லாம் மணல். "காஞ்சு கெடக்குற ஆத்துல என்னடி இருக்கு பார்க்க?" என்றாள் அம்மா.

கரையோரப் புங்கை துளிர்த்துப் பூத்து, மணலில் பொரி சிந்தின மாதிரி உதிர்ந்திருந்தது. நாணல் தாண்டித் திடலில் ஏறியதும் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே சுற்றிக் கத்த ஆரம்பித்துவிட்டது. வெறுந்தரையில் சின்னப் பள்ளத்தில் முட்டையிடுகிற பறவை அது. முட்டையும் கூழாங்கல் நிறம். மிதித்துவிடப் போகிறோமே என்று சுற்றி வளைத்துப் போனேன். ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர், "பாத்துப் போம்மா, மணல் அள்ளின குழி இருக்கும். தண்ணி வந்துட்டா அது எங்கன்னே தெரியாது" என்றார். ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் கேட்க வேண்டிய பேச்சு.

நடு மணலில் நின்று திரும்பினால் தெற்கே மலைக்கோட்டை, வடக்கே தென்னை உச்சிகளுக்கு மேலே ராஜகோபுரம். 236 அடி. முடிக்காமல் பாதியில் நின்ற காலத்தில் அதற்குப் பெயர் மொட்டைக் கோபுரம். 1987-ல் கும்பாபிஷேகம் ஆன பிறகும் அப்பா அதை அப்படித்தான் சொல்லிவந்தார். 1994-ல் ஸ்ரீரங்கத்தைத் திருச்சி மாநகராட்சியோடு சேர்த்த பிறகும் எங்கள் தெருவில் யாரும் "திருச்சிக்குப் போயிட்டு வரேன்" என்பதை விடவில்லை. அதென்ன வீம்பு என்று சிரித்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் கால் புதையப் புதைய நடந்தபோது சிரிப்பு வரவில்லை. தூரம் நிஜமாகவே தூரம்தான். 2022-ல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது ஊரே புலம்பியது. நான் பெங்களூரில் உட்கார்ந்து போனில் "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

கொள்ளிடப் பக்கம் இன்னும் பாக்கி. அங்கே அகலம் அதிகம், நிழல் கிடையாது. 1928-ல் கட்டின இரும்புப் பாலமும் 2018 வெள்ளத்தில் தூண் சரிந்து, அப்புறம் இடிக்கப்பட்டுவிட்டது. சித்திரை வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும். அம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தானும் வருவேன் என்கிறாள். தூசி படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னால், "மணல் வேற, தூசி வேற" என்கிறாள்.